பட்டியலில் இல்லாத வாக்குத்தத்தம்

வாசகரே, இதைப் படிக்கத் தொடங்கிய இந்த நொடியிலிருந்து நீங்கள் ஒரு சாட்சி. உங்களை நடுவராக அமர்த்த எனக்கு விருப்பமில்லை. நடுவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மணி அடிப்பார்கள், மதிப்பெண் இடுவார்கள், தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். சாட்சி அப்படிப் போய்விட முடியாது. கேட்டதை அவர் தன்னோடு வைத்திருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டில் எங்கள் சிறிய ஆலயத்தில் நின்று நான் ஒரு வாக்குக் கொடுத்தேன். அன்று அதைக் கேட்டவர்கள் அனைவரும் என்னைத் தூக்கி வளர்த்தவர்கள். நான் தவறினால் மன்னித்துவிடக் கூடியவர்கள். என்னை மன்னிக்க எந்தக் கடமையும் இல்லாத ஒருவரும் அதைக் கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அதற்காகவே உங்களை அழைக்கிறேன்.

வாக்கு இன்னதென்று கடைசியில் சொல்கிறேன். அதை என் வாயில் வரவழைத்தவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

அவர் பெயரைச் சொல்லமாட்டேன். மேடையில் ஒரு பெயரை உச்சரித்துவிட்டுக் கைதட்டலுக்காக அரை நொடி நிறுத்துவது என் பழக்கம். அவர் பெயருக்குப் பின் அப்படி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. நான் அழைத்தபடி அக்கா என்றே எழுதுகிறேன்.

எங்கள் எதிர்வீட்டில் இருந்தார். கணவர் தறியில் நெய்தார்; அவரை நான் அண்ணன் என்பேன். அக்கா தெருவிலுள்ள தறிகளுக்குப் பாவு பிணைத்தார். பட்டு நெய்யாத ஊரில் பிறந்தவர்களுக்காக இதைச் சற்று விளக்குகிறேன். தறியில் நீளவாக்கில் ஏற்றிய இழைத்தொகுதிதான் பாவு. அதில் நெய்ய வேண்டியதெல்லாம் நெய்து முடிந்ததும் புடவையை அறுத்தெடுப்பார்கள். நெடுக்கு இழைகளின் வால்முனைகள் மட்டும் தறியிலேயே தொங்கும். புதிய பாவு வந்ததும் அதன் ஒவ்வோர் இழையையும் தொங்கும் முனை ஒன்றோடு சேர்த்து, சாம்பல் தொட்ட இரண்டு விரல்களால் முறுக்கிவிட வேண்டும். முடிச்சுப் போடக் கூடாது. முடிச்சு, இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்புப் போன்ற அச்சின் பற்களுக்குள் நுழையாது. வெறும் முறுக்கு, அதுவும் மூச்சுவிடும் நேரத்தில். இப்படி ஆயிரக்கணக்கான இழைகள். வரிசையில் ஒன்று மாறினால் நெய்யும்போது அது புடவை முழுவதும் ஓடும்.

எத்தனை இழை முடிந்தது, எத்தனை மீதி என்று அவர் ஒருபோதும் எண்ணியதில்லை. ஒருமுறை நான் கேட்டபோது, "எண்ணினா கை நின்னுடும் தம்பி" என்றார். அவருடைய வலது கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் சாம்பல் நிறம் நிரந்தரமாகத் தங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அது போகாது. நற்கருணை அப்பத்தை வாங்க நீட்டிய கைகளில் அவர் கையை மட்டும் போதகர் முகம் பார்க்காமலே அறிவார்.

அவரிடம் ஒரு வாசகம் இருந்தது. "சொன்னாரு இல்ல?"

இதை அவர் கேள்வியாகச் சொல்வதில்லை. முடிந்துபோன விவகாரத்தின் மேல் முத்திரை வைப்பதுபோலச் சொல்வார். யாராவது ஏதாவது சொல்லிவிட்டால், அது நடந்துவிட்டதைப் போலவே தம் அடுத்த வேலையைத் தொடங்கிவிடுவார். ஆரணி பேருந்து நிலையத்தில், நெரிசலில் பிதுங்கிய வண்டியின் நடத்துநர் "பின்னாடியே இன்னொரு வண்டி வருதும்மா" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டார். கூடியிருந்தவர்கள் ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்கள். அக்கா வெயிலில் நின்றார். பின்னாடி எந்த வண்டியும் வரவில்லை. நடந்தே வீடு வந்தார். மறுநாள் அதே நடத்துநரைக் கண்டு, உடம்பு சரியில்லாதவரின் நலம் விசாரிப்பதுபோல, நேற்று அந்த வண்டிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாராம். குரலில் கோபம் துளியும் இல்லை. உண்மையாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டார். அந்த நடத்துநர் அதன்பின் எங்கள் ஊர்க்காரர்களிடம் வாய்தவறிக்கூட ஒரு வண்டியை வாக்களித்ததில்லை.

தேர்தல் நேரத்தில் ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்து, பொங்கலுக்குள் கால்வாய்க்கு மூடி போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். சொன்னவரே மறந்துவிட்டார். அக்கா மறக்கவில்லை. பொங்கலன்று குளித்து, புதுப்புடவை கட்டி, ஒரு சொம்பில் பொங்கலோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றார். வாங்கம்மா என்று உள்ளே அழைத்திருக்கிறார்கள். மூடி போடுகிறவர்களுக்கென்று பொங்கல் எடுத்துவந்தேன், கால்வாய்ப் பக்கம் யாரையும் காணோம், அதனால் இங்கே கொண்டுவந்தேன் என்றாராம். அந்த வாரத்திலேயே கற்பலகைகள் வந்து இறங்கின. தெருவே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "சொன்னாரு இல்ல?" என்றார்.

அந்நாளில் நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு. மாவட்டத்தில் பேச்சுப் போட்டி என்று ஒன்று நடந்தால் அதன் முதற்பரிசு எங்கள் வீட்டு அலமாரிக்கு வந்துவிடும். எடுப்பு, தொடுப்பு, முடிப்பு மூன்றும் எனக்குக் கைவந்திருந்தன. எதிரணியின் வாதத்தை அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் நொறுக்கத் தெரியும். அக்கா என்னை மைக்கு என்று அழைத்தார். "என்னா மைக்கு, இன்னிக்கி யாரைத் தோக்கடிச்சினு வர்ற?" என்பார். நான் எதிரில் அமர்ந்து அவரையே தோற்கடிக்கப் பார்ப்பேன். சொன்னவர்கள் எல்லாரும் சொன்னதைச் செய்கிறார்களா, உலகம் அப்படியா இயங்குகிறது என்று அடுக்குவேன். இழையை முறுக்கியபடியே ஒருநாள் அவர் சொன்ன பதிலை எந்த மேடையிலும் என்னால் வெல்ல முடிந்திருக்காது.

"செய்ய மாட்டாங்க. அது அவங்க பேஜாரு. அவங்க செய்யாம உடறதுக்கு முன்னாடியே நான் ஏன் அவங்களைப் பொய்க்காரங்களா ஆக்கணும்?"

மனிதர்கள் விஷயத்தில் அவர் பலமுறை வெயிலில் நின்றார் என்பதை மறைக்க விரும்பவில்லை. நானே நிற்க வைத்திருக்கிறேன். ஒருமுறை வேலூர்ப் போட்டிக்குப் புறப்படும்போது, கோப்பையோடு நேராக உங்கள் வீட்டுக்குத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். வென்றேன், நண்பர்களோடு ஊர்சுற்றினேன், இரண்டு நாள் கழித்துத்தான் தெருவுக்கு வந்தேன். அவர் வீட்டில் தேங்காய் பர்பி செய்து வைத்திருந்ததை என் அம்மா சொல்லி அறிந்தேன். அக்கா உலர்ந்துபோன துண்டொன்றை என் கையில் வைத்து, கோப்பையைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

எங்கள் சபையில் புத்தாண்டுக் காலை ஆராதனையின் முடிவில் ஒரு தட்டு வலம் வரும். அதில் சிறு அட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும்; ஒவ்வோர் அட்டையிலும் வேதத்திலிருந்து ஒரு வாக்குத்தத்தம். குடும்பத்துக்கு ஒருவர் கண்மூடி ஜெபித்து ஒன்றை எடுப்பார். அந்த ஆண்டு முழுவதும் அந்த வீட்டுக்கு ஆண்டவர் கொடுத்த வார்த்தை அது. கதவிலும், தறிச்சட்டத்திலும், பீரோக் கண்ணாடியிலும் அவை ஒட்டப்பட்டிருப்பதை எங்கள் பக்கம் வந்தால் வீடுகளில் பார்க்கலாம்.

அந்த ஆண்டு அச்சிட்ட அட்டைகள் வந்து சேரவில்லை. போதகர் ஒரு பட்டியலை என்னிடம் கொடுத்து, உன் கையெழுத்து அழகாக இருக்குமே, எழுதிவிடு என்றார். டிசம்பர் கடைசி நாள் முழுவதும் எழுதினேன். மாலையில் எண்ணிப் பார்த்தபோது ஓர் அட்டை குறைந்தது. ஒன்றில் மை கொட்டிக் கிழித்துப் போட்டிருந்தேன்; அது எந்த வசனம் என்று நினைவில்லை. பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்திருக்கலாம். வேதத்தைத் திறந்து வேறொன்றை எடுத்திருக்கலாம். நான் இரண்டையும் செய்யவில்லை. பேனாவை எடுத்து, வேதத்தின் நடையில் நானே ஒரு வாக்குத்தத்தத்தை இயற்றினேன்.

நீ தனித்துச் சுமப்பதில்லை. உன் வாசலில் நான் நிற்பேன், வேலை முடியுமட்டும் அகன்று போகேன்.

கீழே ஒரு தீர்க்கதரிசியின் பெயரையும், மனத்துக்கு வந்த ஓர் அதிகார எண்ணையும் வசன எண்ணையும் இட்டேன். வாசித்துப் பார்த்தேன். மற்ற அட்டைகளைவிட என் வரி மிடுக்காக இருப்பதாகத் தோன்றியது. ஆம், அப்படித்தான் நினைத்தேன். சாட்சியிடம் மறைக்கக் கூடாது.

மறுநாள் காலை தட்டை ஏந்திச் சென்றவனும் நானே. என் வரி யார் கைக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் சாம்பல் விரல்கள் இரண்டு அதை எடுத்தன. அக்கா படித்தார், கண்களில் ஒற்றிக்கொண்டார். எனக்கு ஒரு கோப்பை வாங்கிய மகிழ்ச்சி.

மாசி மாதத்தில் அவர் கணவர் தறியில் இருந்தபடியே, குறுக்கிழையை ஓட்டும் நாடாவைத் தவறவிட்டார். விரல் மரத்துப்போகிறது என்றார். மறுநாள் தறிக்குழியிலிருந்து எழ முடியவில்லை. அதற்கு மறுநாள் தண்ணீர் விழுங்க முடியவில்லை. வேலூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது மூச்சும் இறங்கிக்கொண்டிருந்தது. நரம்புகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு மேலேறும் நோய் அது என்றார்கள். தொண்டையில் துளையிட்டு இயந்திரத்தில் இணைத்தார்கள். உடம்பில் அவர் வசம் மிஞ்சியவை இரண்டு கண்கள் மட்டுமே. பிழைப்பாரா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார்கள். பிழைத்தால் கை வருமா என்று கேட்டதற்கு, அடுத்த படுக்கைக்கு நகர்ந்தார்கள்.

தம் சிறு மகளைப் போளூரில் தம் தம்பி வீட்டில் விட்டார் அக்கா. நான்கு நாள் வேலூரில் கணவர் அருகில், இரண்டு நாள் ஊரில் என்று அவர் வாழ்க்கை பேருந்தில் ஓடத் தொடங்கியது. தறியில் பாதி நின்ற புடவையை வேறொருவர் வந்து முடித்து அறுத்துக்கொண்டு போனார். வால்முனைகள் தொங்கின. தறிச்சட்டத்தின் மேற்கட்டையில் என் அட்டை ஒட்டப்பட்டிருந்தது.

நான் அந்த வீட்டுப் பக்கம் போவதை நிறுத்தினேன். எங்கள் கதவைத் திறந்தால் அவர்கள் கதவு தெரியும். ஆகவே பின்வாசல் வழியாகக் கல்லூரிக்குப் போனேன். தெருவில் யாராவது அக்காவை நிறுத்தி விசாரித்தால், அவர் பதில் என் அறைவரை கேட்கும். "தனியா உட மாட்டேன்னு சொன்னாரு இல்ல?" அந்த 'சொன்னாரு' யார் என்று எனக்குத் தெரியும். இருபது வயதில், ஒரு மனிதன் சாகக் கிடக்கும் குடும்பத்துக்குப் போன அட்டையில், கடவுளின் கையெழுத்தை நான் போட்டிருந்தேன்.

பங்குனியில் தறி முதலாளி அவர் வீட்டுக்கு வந்தார். நெய்வதற்குப் பாவும் பட்டும் கொடுத்துப் புடவையாக வாங்கிக்கொள்பவர், கெட்டவரல்லர். தறி சும்மா கிடக்கிறதே, கழற்றி வைத்துவிட்டால் இடமாவது மிஞ்சும் என்று சொல்லத்தான் வந்திருந்தார். அக்கா அவரிடம் அடுத்த பாவைக் கேட்டார். எங்கள் ஜன்னலுக்குக் கேட்ட பேச்சு இது.

"நெய்யறது யாரும்மா?"

"அவருதாங்க. வந்துகினு இருக்காரு."

"மிஷினு தானேம்மா மூச்சு உடுது அவருக்கு?"

"ஆமாங்க. மூச்சை மிஷினு பார்த்துக்குது. பாவை நான் பார்த்துக்கறேன்."

முதலாளி செருப்பை மாட்டிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் ஜரிகை இல்லாத ஒரு சாதாரணப் பாவை ஆள் மூலம் அனுப்பி வைத்தார். ஏன் அனுப்பினார் என்று பிறகு ஒருநாள் நான் அவரிடமே கேட்டேன். அந்தம்மா இதுவரை சொன்ன சொல் எதுவும் தவறியதில்லை, தவறினால் அது முதல்முறையாக இருக்கட்டும் என்று நினைத்தேன் என்றார்.

தெருவில் பேச்சு எழுந்தது. அக்காவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றார்கள். ஸ்பூனைத் தூக்க முடியாத கணவனுக்காக ஒரு பெண் ஆயிரக்கணக்கான இழைகளைப் பிணைக்க உட்கார்ந்திருக்கிறாள். இருவர் சேர்ந்து இரண்டு நாளில் முடிக்கும் வேலை; அவர் ஒருவராக, வேலூர்ப் பயணங்களுக்கு இடையில், வாரக்கணக்கில் செய்தார். அந்தப் பேச்சைக் கேட்டபோதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. அவர் அந்தப் பாவில் உட்கார்ந்ததற்குக் காரணம் என் அட்டை என்று நம்பினேன்.

ஒரு நண்பகலில் சாலையைக் கடந்து போனேன். பேச வேண்டியதைத் தயாரித்து வைத்திருந்தேன். முன்னுரை, தன்னிலை விளக்கம், மன்னிப்பு. தறிக்குக் கீழே தாழ அமர்ந்திருந்த அவரைக் கண்டதும் மூன்றும் கலைந்துபோயின.

"அக்கா, அந்த அட்டை வேதத்துல இல்ல. நான் எழுதினது."

விரல்கள் நிற்கவில்லை. ஓர் இழை முடிந்தது, அடுத்ததை எடுத்தார்.

"தெரியும்."

எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"அன்னிக்கே தெரியும். ஆராதனை முடிஞ்சி ஊட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். அந்தப் புஸ்தகத்துல அத்தினி அதிகாரமே இல்ல. நீ கணக்குல வீக்குதானே" என்றார். பிறகு, "அதை எடுத்துத் திருப்பிப் பாரு" என்று மேற்கட்டையைக் காட்டினார்.

அட்டையை மெல்லப் பெயர்த்தேன். பின்புறத்தில் பென்சிலால், பள்ளிப் பிள்ளையின் கோணல் எழுத்தில், நான்கு இடங்கள் குறிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் அருகில் சாம்பல் ரேகை.

"நீ போட்ட எடத்துல இல்ல. ஆனா அவரு சொல்லாததும் இல்ல. கூட இருக்கேன், கைவிட மாட்டேன்னு நாலு எடத்துல சொல்லிக்கீறாரு. ஒரு மாசம் தேடினேன். நேராக் கெடச்சிருந்தா கண்ணுல ஒத்திக்கினு பெட்டியில போட்டிருப்பேன். நீ பொய் எழுதினதாலதான் தேடினேன்."

"அப்ப ஏன் இதை ஒட்டி வெச்சிருக்கீங்க?"

"அந்த நாலும் இதுக்குப் பின்னாடிதானே இருக்குது. நான் அட்டைய நம்பலடா. ஆள நம்பறேன்."

அத்துடன் நான் எழுந்திருக்கலாம். ஆனால் கேட்க வேண்டிய ஒரே கேள்வி மிச்சமிருந்தது. தெருவில் யாரும் அதை அவரிடம் கேட்கவில்லை. அண்ணன் பிழைக்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

அப்போதுதான் விரல்கள் நின்றன. பிடித்த இழை பிடித்தபடி இருந்தது.

"பொழைப்பாருன்னு அந்த நாலுல ஒண்ணும் சொல்லல" என்றார். "கூட இருப்பேன்னுதான் சொல்லிக்கீறாரு. அதுக்கு மேல நானா எழுதிக்க மாட்டேன். அது உன் வேல."

"அப்ப இந்தப் பாவு?"

"இது நான் சொன்னது. போன மாசம் அவரு கண்ணால தறிய பத்திக் கேட்டாரு. எனக்குத் தெரியும், அதைத்தான் கேட்டாரு. நீங்க வரும்போது பாவு பிணைச்சி ரெடியா இருக்கும்னு சொல்லிட்டேன். சொல்லிட்டேன் இல்ல?"

இழையை முறுக்கினார். ஒட்டிக்கொண்டது. பிறகு, என் முகத்தைப் பார்க்காமலே, அவர் எனக்குக் கொடுத்த ஒரே தண்டனையைக் கொடுத்தார்.

"வாசல்ல நிப்பேன்னு எழுதினியே மைக்கு. ரெண்டு மாசமா எதிர் ஊட்ல இருந்துகினு, ஒரு நாளாச்சும் வந்து நின்னியா?"

அன்று நான் வீட்டுக்குப் போகவில்லை. அவருக்கு எதிரில் தரையில் அமர்ந்தேன். புதுப் பாவின் இழைகளை வரிசை மாறாமல் பிரித்து ஒவ்வொன்றாக அவர் விரலுக்கு நீட்டும் வேலை ஒன்று இருந்தது, அதை எடுத்துக்கொண்டேன். அதன்பின் அவர் ஊரில் இருந்த நாள்களில் எல்லாம் கல்லூரி முடிந்து நேரே அங்கே போனேன். வேலூருக்குப் புறப்படும் காலையில் பையைத் தூக்கிப் பேருந்து நிறுத்தம்வரை வந்தேன். நாங்கள் அதிகம் பேசவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் வாய்மூடி இருந்தது அதுவே முதல்முறை. ஒருமுறை, இன்னும் எத்தனை இழை என்று எண்ணத் தொடங்கினேன். என் கை நின்றுபோனது. அவர் சொன்னது சரிதான்.

மீதி உங்களுக்கு வேகமாகச் சொல்லிவிடக் கூடியது. எங்களுக்குத்தான் அது மெதுவாக நடந்தது. சித்திரையில் அண்ணனின் தோள் ஒருநாள் அசைந்தது. பிறகு இயந்திரத்தை ஒரு மணி நேரம் நிறுத்திப் பார்த்தார்கள். பிறகு அரை நாள். பிறகு கழற்றியே விட்டார்கள். மருத்துவர்கள் தங்கள் வேலையை நன்றாகச் செய்தார்கள். அக்கா அவர்கள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி ஜெபித்தார். ஆனியில் அண்ணன், பாதி உடம்பாக, ஒரு வேனில் படுத்தபடி வந்து இறங்கினார். அவரைத் தூக்கி வந்த நான்கு பேரில் நானும் ஒருவன். கட்டிலில் கிடத்துமுன், தறியைக் காட்டும்படி கேட்டார். பிணைத்து முடிந்த பாவு துணி போர்த்தி நின்றது. அக்கா போர்வையை நீக்கினார். அண்ணன் அழுதார். அவரால் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியவில்லை. அக்கா துடைத்துவிட்டார், முகத்தில் சாம்பல் கோடு விழுந்தது.

கார்த்திகையில் அண்ணனைத் தறிக்குழியில் இறக்கினோம். முதல் நாள் மிதியை மட்டும் மிதித்தார். நாடாவை அக்கா ஓட்டினார். ஒரு விரல் அகலம் நெய்தார்கள். இடதுகால் இன்றுவரை சற்றுத் தாமதமாகத்தான் கேட்கிறது. அந்தப் புடவை மார்கழியில் முடிந்தது. முதலாளி அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். ஓர் இழைகூட வரிசை மாறவில்லை.

பிறகு அவர்கள் அண்ணனின் சொந்த ஊரான தேவிகாபுரத்துக்கே போய்விட்டார்கள். நான் சட்டம் படிக்கச் சென்னைக்கு வந்தேன். ஆனால் அதற்கு முன் ஒரு புத்தாண்டு இருந்தது.

அந்த ஆண்டும் அட்டைகளை எழுதும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். முன்பே போதகரிடம் போய் நடந்ததைச் சொல்லியிருந்தேன். அவர், எனக்குச் சொல்லிவிட்டாய், சபைக்கும் சொல்லிவிடு என்று மட்டும் சொன்னார். ஒவ்வொரு வசனத்தையும் வேதத்தைத் திறந்து விரல்வைத்துப் பார்த்து எழுதினேன். இரண்டு நாள் ஆயிற்று.

காலை ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தது. நான் எழுந்தபோது பின்வரிசையில் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நல்ல பேச்சு ஒன்று கேட்கப் போகிறோம் என்ற முகங்கள். ஆண்கள் பக்கம் அண்ணன் ஊன்றுகோலோடு அமர்ந்திருந்தார். பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் அக்கா. ஒலிவாங்கியைத் தொட்டேன், தொட்ட கையை எடுத்துவிட்டேன். அது இல்லாமலே பேசினேன். போன ஆண்டு தட்டில் ஓர் அட்டை குறைந்ததையும், அதை நான் என் சொல்லால் நிரப்பியதையும், ஆண்டவர் பெயரை அதன் கீழ் இட்டதையும் சொன்னேன். சபை அசையவில்லை. மேடையில் எத்தனையோ மௌனங்களை நான் உண்டாக்கியிருக்கிறேன். இதை நான் உண்டாக்கவில்லை. இதன் உள்ளே நின்றேன்.

ஆண்டவர் தாம் சொன்ன சொல்லுக்கு நின்றார், அதை நீங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும் அண்ணனைப் பார்த்தால் அறிவீர்கள் என்றேன். அண்ணன் எழாமல் போயிருந்தாலும் அவர் நின்றிருப்பார் என்பதை, தறிக்கடியில் உட்கார்ந்திருந்த ஒருவரிடமிருந்து அறிந்தேன் என்றேன். அதற்கு மேல் தயாரித்த தமிழ் என்னிடம் இல்லை. மூன்றாம் வரிசையைப் பார்த்தேன். அக்கா தலையை ஒருமுறை அசைத்தார், மேலே சொல் என்பதுபோல.

எங்கள் தெருவில் பேசுவதுபோலவே, எல்லாருக்கும் கேட்கும்படி, சொன்னேன்:

"இந்த வருஷம் அட்டையில இருக்கறது எல்லாம் அவரு சொன்னது, ஒண்ணு உடாம பார்த்துத்தான் எழுதினேன். நான் சொல்றது அட்டையில இல்ல, வாயால சொல்றேன். நம்ம தெருவுல யார் ஊட்ல யார் படுத்தாலும் என்னைக் கூப்பிடக்கூட வேணாம். எங்க இருந்தாலும் வருவேன், வாசல்ல நிப்பேன், வேல முடியற வரைக்கும் போக மாட்டேன்."